நெத்திக்கு வந்து சேராதது

அந்தப் பொட்டியத் தொட்டுறாதீங்கண்ணே, பம்புசெட்டு ஸ்டார்ட்டரு அது. மழையில நனைஞ்சதுலருந்து லேசா ஷாக்கடிக்குது. இப்படி இந்த உர மூட்டை மேல உக்காருங்க. நாய்ப் பல்லு எங்கயும் படலயே? வேட்டிதான் கிழிஞ்சிருக்கு. போகுது, வேட்டி போனா வேட்டி.

கதவத் தொறக்கவா? அந்தச் சந்துல குனிஞ்சு பாருங்க. வெள்ளையாத் தெரியுதுல்லா, அது அவன் மூஞ்சி. மண்ண மோந்துக்கிட்டே கெடக்கான். தொறந்தா எங்காலுக்கு நடுவுல பூந்து உங்களப் புடிச்சிருவான்.

பேரு சொல்லிக் கூப்புட்டா போமாட்டானான்னா, பேரு கருப்பன், நீங்களே கூப்புட்டுப் பாருங்க. பால் வெள்ளையில இருக்கவனுக்குக் கருப்பன்னு பேரு, கண்ணு பட்டுறக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு வச்சது. ஆனா தன் பேரு என்னன்னு அவனுக்கே தெரியாது. ரெண்டு காதும் கேக்காதுண்ணே. நான் மட்டும் பழக்கதோசத்துல ஏலே இங்க வாலேன்னு காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் திட்டிக்கிட்டுக் கெடப்பேன்.

ஹாரன் அடிச்சேனேங்கீய. அடிச்சீய, தென்னை மரத்துக்கடியில நின்னு நானும் கேட்டேன். அவனுக்கு ஹாரனும் ஒண்ணுதான், மில்லுச் சங்கும் ஒண்ணுதான். மாமரத்து நெழலுல அசந்து தூங்கிட்டான். நீங்க கிட்டப் போயி, உங்க செருப்பு அவன் வால்ல பட்டதும் பதறி எந்திரிச்சிட்டான். காது கேக்கிற நாயின்னா ஆளு வரது முன்னாலயே தெரியும், கொலைச்சிட்டு நிக்கும். இவனுக்கு எல்லாமே திடீர்னுதான் வரும். பாவம், அவன் பயந்துதான் கடிக்க வந்தான்.

போனு கார்லயே கெடக்கா? என்னுது வீட்டுல சார்ஜர்ல கெடக்கு. அப்ப உக்காந்திருக்க வேண்டியதுதான். காத்தே இல்லதான், ஆஸ்பெட்டாஸ் கூரை, மத்தியானம் இப்படித்தான் வேகும். அந்தக் கேன்ல தண்ணி இருக்கு, குடிங்க. கெணத்துத் தண்ணிதான், நல்லாருக்கும்.

எம்மவ சத்யா வீட்டுல இல்லண்ணே. அவளும் எங்க வீட்டுக்காரரும் புள்ளையத் தூக்கிட்டு விடியவே மருதைக்குப் போயிட்டாவ, ஸ்கேன் எடுக்க. தகப்பன் வரணும்னு ஆஸ்பத்திரில சொன்னாவ. உங்க மவன், எங்க மாப்ளைய, நீங்க விடல. அதனால தாத்தாவே தகப்பன் எடத்துல போயிருக்காரு.

உங்க கார் டிக்கி தொறந்து கெடக்கே, நான் பாத்துட்டேன். சத்யா பெட்டி ரெண்டும் இருக்கு. புள்ளையோட நடைவண்டியும் இருக்கு. சீமந்தத்துக்கு நாங்க எடுத்துக் குடுத்த பட்டுச்சேலை பைக்குள்ளருந்து தலைய நீட்டிக்கிட்டு இருக்கு. எம்மவள ஒரேடியா இங்கயே விட்டுறதுக்குத்தான வந்திருக்கீய. சொல்ல வேண்டியதக் கேட்டுல நின்னு சொல்லிட்டுப் போயிரலாம்னு நெனைச்சீய. நாயி விடல, அம்புட்டுத்தான்.

கோவப்படாதீங்க. கோவப்பட்டா இன்னும் வேர்க்கும்.

நாயப் பத்தியே பேசுதேன்னு பாக்கீய. அதப் பத்தித்தான பேச வேண்டியிருக்கு. ராசபாளையத்து நாயின்னு தேடி வாரவன் என்ன கேப்பான்? பால் வெள்ளை வேணும், மூக்கு ரோஸா இருக்கணும், உடம்புல பொட்டுக் கருப்பு இருக்கப்படாது. காதுல கருப்பு விழுந்த குட்டிய ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்கமாட்டான். அது எம்புட்டு சூட்டிகையா இருந்தாலுஞ் சரி. நாங்களும் வெள்ளைக்கு வெள்ளையாப் பாத்துச் சேத்துக்கிட்டே வந்தோம். அதுல ஈத்துக்கு ஒண்ணு ரெண்டு செவிடாப் பொறக்கும். வெளிய சொல்லமாட்டோம். குட்டிக நடக்க ஆரம்பிச்சதும் பின்னால போயி நின்னு தாம்பாளத்துல கரண்டியால ஒரு தட்டு. திரும்புன குட்டி விலைக்குப் போகும். திரும்பாததப் பாத்துட்டுப் பக்கத்துத் தோட்டத்து ராஜு வீட்டம்மா, இதி செவுடம்மா, வத்தும்பாவ. செவிடு, வேண்டாம்னு அவிய தெலுங்குப் பாசையில.

வேண்டாம்னா எங்க போறது? எங்க மாமனாரு கருத்தையா, சொல்லக் கூடாது, நல்ல மனுசன். எறும்பு மேல கால் படாம நடப்பாரு. ஆனா திரும்பாத குட்டியச் சாக்குல கட்டி, இந்தா, இந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கெணத்துலதான் போடுவாரு. போட்டுட்டு வந்து கை கழுவிட்டுச் சாப்புடுவாரு. நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல அதப் பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல. அதுவும் பொறவு பழகிப் போச்சு. அது பழகுனதத்தான் இன்னைக்கும் என்னால தாங்க முடியல. கருப்பன் பொறந்தப்ப மாமனாரு இல்ல, அதனால தப்பிச்சான்.

இத நீங்க எப்படியோ கேட்டு வச்சிருந்தீய. உங்க வீட்டு முத்தத்துல பத்துப் பேரு முன்னால சொன்னீய பாருங்க, செவிட்டுக் குட்டிகளக் கொன்ன குடும்பம், அந்தப் பாவம் எங்க வாரிசு மேல எறங்கிருச்சுன்னு. வேற யாரும் சொல்லிருந்தா கொண்டையப் புடிக்காத கொறையா சண்டை போட்டிருப்பேன். நீங்க சொன்னதும் செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கி வந்துட்டேன். ஏன்னா நானும் அதத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க அதச் சத்தமாச் சொல்லிட்டீய.

அன்னைக்குப் பூட்டுனது எனக்கு. இந்த ரூமுல நீங்க இருக்கிற மாதிரி நான் அந்த ஒரு வார்த்தைக்குள்ள கெடந்தேன். அய்யனார் கோவில் ஆத்துல முங்கி ஈரச்சேலையோட சுத்துனேன். ஒரு ஈத்துக் குட்டிக அம்புட்டையும் சும்மாவே தூக்கிக் குடுத்தேன். கெணத்துக்குப் பூ போட்டேன். எம்மவ மூஞ்சியப் பாக்க முடியல. அவளும் ஒண்ணும் கேக்கல, கேட்டிருந்தாலாவது பரவால்ல.

புள்ள பொறந்தப்ப எப்படி இருந்துச்சு, நெனைச்சுப் பாருங்க. நீலக் கண்ணு. நெத்திக்கு மேல நடுவுல ஒரு கொத்து வெள்ளை முடி. ஆஸ்பத்திரியே கூடிருச்சு, வெள்ளைக்காரப் புள்ளைன்னு. நீங்கதான் கையில வாங்கி, பெருமாளு நாமம் போட்டே அனுப்பிருக்காரு, நம்ம வில்லிபுத்தூருத் திருவண்ணாமலைப் பெருமாளுக்குத்தான் மொத மொட்டைன்னு சொன்னீய. எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரல. வெள்ளை முடி, நீலக் கண்ணுன்னா எனக்குத் தெரிஞ்சதெல்லாம் குட்டிகதான. பொறந்த உடனே காது டெஸ்ட் எடுக்கச் சொன்னாவ. பச்சப்புள்ளைக்கு எதுக்குன்னு நீங்க தூக்கிட்டு வந்துட்டீய.

ஆமா, தாம்பாளத்தத் தட்டுனது நாந்தான். மொட்டை போட்டுட்டு வந்து உங்க வீட்டுல பந்தி நடக்குது. புள்ள பாயில உக்காந்து கோரைய உருவிக்கிட்டு இருக்கு. அதுக்குப் பின்னால போயி நின்னுட்டேன். கை அதுவாப் போச்சுண்ணே. பந்தியில இருந்தவன் பூராம் திடுக்குன்னு திரும்புனான், ஒருத்தர் எலையில ரசம் கொட்டிருச்சு. புள்ள கோரைய உருவிக்கிட்டே இருந்துச்சு. எம் பேத்திய நாய்க்குட்டி மாதிரியா சோதிக்கேன்னு உங்க வீட்டு மதினி கத்துனாவ. அவிய கத்துனதையும் அந்தப் புள்ள திரும்பிப் பாக்கல.

அதுக்குப் பொறவு முடி மொளைச்சுது. மத்த எடமெல்லாம் கருகருன்னு, அந்த எடத்துல மட்டும் திரும்பவும் வெள்ளை.

இருங்க, கெளம்பாதீங்க. எங்க கெளம்பப் போறீய.

மருதையில அந்தக் காது டாக்டரம்மா இருக்காவ பாருங்க, சத்யா வயசுதான் இருக்கும். புள்ளையப் பாத்ததும் முடியத்தான் மொதல்ல தொட்டாவ. பொறவு பேப்பர்ல படம் போட்டுச் சொன்னாவ. புள்ள வயித்துல மொளகு தண்டி இருக்கும்போதே, முதுகு நெடுக ஒரு மடிப்பு விழுமாம். அந்த மடிப்பு ஓரத்துலருந்து செல்லுக கூட்டங்கூட்டமாக் கெளம்பி நடக்குமாம். நடக்குமான்னு கேட்டேன். ஆமாக்கா, உண்மையிலேயே நகந்து போகும்னாவ. சிலது மூஞ்சிக்குப் போயி எலும்பாகும், சிலது கொடலுக்குப் போயி நரம்பாகும். சிலது தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் போயி நெறமாகும். ஒண்ணு மேல ஒண்ணு மோதுனா வெலகிக்கிடுமாம், வெலகி வெலகி முன்னால போகுமாம். புரட்டாசி சனிக்கெழமைக்கு நம்ம சனம் மலைக்கு நடக்குமே, அது மாதிரின்னு நான் நெனைச்சுக்கிட்டேன். கையில மேப்பு கெடயாது, போற வழியில வாங்கிக்கிட்டு, கேட்டுக்கிட்டு, அவனவன் போக வேண்டிய எடத்துக்குப் போயிச் சேந்துருதான்.

முதுகுலருந்து கெளம்புனா எது ரொம்பத் தூரம், சொல்லுங்க. நெத்தி நடு. வயிறு. கால் நுனி. ஆளு கொறைஞ்சாலோ, வழியில செத்துப் போனாலோ, கடைசியில இருக்கிற அந்த எடத்துக்கு யாரும் வந்து சேரமாட்டாவ. வந்து சேராத எடம் வெள்ளையா நின்னுபோகும். அம்புட்டுத்தான் அந்த நாமம்.

முடி வெளுத்தா காதுக்கு என்னன்னு கேக்கீயளா? அதத்தான் நானும் கேட்டேன். காதுக்குள்ள நத்தைக் கூடு மாதிரி ஒண்ணு இருக்காம். அதுக்குள்ள இருக்கிற தண்ணி கெட்டுப் போகாம பாத்துக்கிடுறது இந்த நெறத்துச் செல்லுதானாம். நெறம் குடுக்கிற செல்லுக்கு இருட்டுக்குள்ள என்ன சோலின்னு நாம நெனைப்போம், அங்கதான் பெரிய சோலி. அது போயிச் சேரலன்னா, கேக்கிறதுக்குன்னு இருக்கிற செல்லெல்லாம் ஒண்ணொண்ணாச் செத்துரும். நம்ம புள்ளைக்கு ரெண்டு பக்கமும் போயிச் சேரல.

எங்க நாயிக்கும் இப்படித்தானாம்மான்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கல. அதே செல்லுதான்க்கா, அதே பாதைதான், வெள்ளை வெள்ளைன்னு தேடிச் சேத்து நீங்களே அங்க வரவிடாம ஆக்கிட்டீங்கன்னாவ. அப்ப இந்தப் புள்ளைக்கு வந்தது கெணத்துப் பாவம் இல்லையாம்மான்னு கேட்டேன். அவிய பேனாவக் கீழ வச்சிட்டு என்னயவே பாத்தாவ. அழுதுட்டேண்ணே. சத்யா எங்கையப் புடிச்சுக்கிட்டா. அம்மா, இத நெனைச்சுக்கிட்டா இத்தன நாளு கெடந்தேன்னு கேட்டா. அவளும் அதே நெனைப்புலதான் கெடந்திருக்கா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம.

குட்டிகளக் கொன்னது பாவம்தான். அத நான் இல்லேங்கல, அதுக்கு நான் தனியாப் பதில் சொல்லிக்கிடுதேன். அத எம் பேத்தி சொல்ல வேண்டியதில்ல.

இன்னும் எம்புட்டு நேரம்னா? உண்மையச் சொல்லட்டுமா, இந்த ஜன்னல் கம்பி வழியா நான் கைய நீட்டி ஒரு சைகை காட்டுனா கருப்பன் மாமரத்தடிக்குப் போயிப் படுத்துருவான். கேக்காத நாயின்னா கையாலதான் பேசணும், அப்படித்தான் வளத்திருக்கேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கோங்க. வில்லிபுத்தூருல உங்க சிமெண்டுக் கடையில வந்து நின்னா, அண்ணாச்சி பிஸின்னு பையனுக வெளியவே நிப்பாட்டிருதான். வீட்டுக்கு வந்தா, மதினியப் பேசவிடாம நீங்களே பேசி அனுப்பிருதீய. போன எடுக்கமாட்டேங்கீய. இன்னைக்குத்தான் உங்களுக்குக் கேக்கிறதத் தவிர வேற வழியில்லாம இருக்கு. எனக்கும் வேற நாளு கெடைக்காது.

காதுக்குள்ள மெசின் வச்சு ஆப்பரேசன் பண்ணலாங்காவ. சீக்கிரம் பண்ணணுமாம். தள்ளிப் போடப் போட, பேச்சு வராது. வச்சா மட்டும் போதாது, ஆத்தாளும் அப்பனும் புள்ளகூடவே இருந்து ஒவ்வொரு சத்தமாச் சொல்லிக் குடுக்கணுமாம். இது கதவுச் சத்தம், இது காக்கா, இது ஒங்கப்பான்னு. அப்பன் இல்லாம அப்பாங்கிற வார்த்தைய எம்மவ யாரக் காட்டிச் சொல்லிக் குடுப்பா? இதுக்குத்தான் நான் இந்த வேக்காட்டுல உங்ககூட உக்காந்திருக்கேன்.

சொல்லுங்க, சொல்லுங்க. உங்க வம்சத்துலயே கெடயாதுங்கீய. இருக்கட்டும். டாக்டரம்மா ரெண்டு வீட்டையுந்தான் கேட்டாவ. யாருக்காச்சும் நெத்தி முடி வெளுத்திருக்கா, ஒரு கண்ணு நெறம் மாறியிருக்கா, ஒரு காது மந்தமா, சின்ன வயசுலயே நரையான்னு. ஒருத்தருக்கு முடியோட போயிருமாம், ஒருத்தருக்குக் கண்ணோட போயிருமாம், அடுத்த தலைமொறையில ரெண்டு காதையும் அடைச்சிருமாம். நான் ஊருக்கு வந்து எங்க சொந்தத்துல ஒரு தலைய விடல. மகாராஜபுரத்துல எங்க சித்தப்பா மொக்கைச்சாமி, படுத்த படுக்கையா இருக்காரு, அவரு தலைத்துண்டையும் அவுத்து நெத்தியப் பாத்துட்டேன். உனக்கென்ன கோட்டி புடிச்சிருக்கான்னு கேட்டாரு. எங்க பக்கம் ஒருத்தருக்கும் இல்ல.

மாப்ளைக்கு ஒரு கண்ணு பூனைக்கண்ணு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, மாப்ளை கண்ணு எம்புட்டு அழகுன்னு எங்க சனமே சொக்கிப் போச்சு. அப்பவே மீசையில நரை, அதையும் படிச்ச நரைன்னு சொல்லிக்கிட்டோம். நாங்களும் வெள்ளைக் குட்டி வாங்க வந்தவங்க மாதிரிதான் பாத்திருக்கோம், என்ன சொல்ல. சத்யா போன்ல இருந்த கல்யாணப் போட்டாவ டாக்டரம்மா விரிச்சு விரிச்சு அந்தக் கண்ணையே பாத்தாவ.

செத்த பேசாம இருங்க. வண்டி வருது.

உங்களுக்குக் கேக்கலயா? கேட்டத் தொறக்கிறது, அதுவுமா கேக்கல? சரிதான், ஜன்னல் உங்களுக்கு எடது பக்கம்லா இருக்கு. அந்தக் காது மந்தம்னு மதினி சொன்னாவ.

காலையில போன் பண்ணுனாவண்ணே. நீங்க பெட்டிகளக் கார்ல ஏத்துறதப் பாத்துட்டு, கொல்லைப்பக்கம் நின்னு மெதுவாப் பேசுனாவ. கல்யாணமான மறுநாளு நீங்க குளிச்சிட்டு வந்தப்ப நெத்தி முடியில வெள்ளையப் பாத்தாவளாம். தலைக்குத் தடவுற மை டப்பிய அவிய கையில குடுத்து, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளன்னு சொன்னீயளாம். அன்னைக்குலருந்து அவிய கைதான் தடவுது. மத்த முடியெல்லாம் நரைச்ச பொறவு எல்லாத்துக்கும் சேத்து அடிச்சுக்கிட்டதால யாருக்கும் தெரியாமப் போச்சு. புள்ள பொறந்த அன்னைக்கு, அதே எடத்துல அதே வெள்ளையப் பாத்ததும் அவியளுக்குப் புரிஞ்சு போச்சாம். நான் தாம்பாளத்தத் தட்டுனப்ப அவிய கத்துனது எம்மேல உள்ள கோவத்துல இல்லையாம்.

உங்களுக்கு அப்படிப் பொறந்தது தப்பில்லண்ணே. அத மறைச்சதையும் நான் தப்புங்கமாட்டேன், ஊரு சும்மா விடாது. ஆனா தெரிஞ்சிருந்தும் அதக் கொண்டுபோயி எம்மவ தலையில பாவம்னு எறக்கி வச்சீயளே. எத்தனை நாளு அவ சாகலாமான்னு நெனைச்சாளோ, எனக்குத் தெரியாது.

நான் வாரது வரைக்கும் அவியள விட்டுறாத முனீசுன்னு மதினி சொன்னாவ. அதான். மாப்ளை வண்டியிலதான் வந்திருக்காவ. வழியில அவருக்குச் சொல்லிருதேன்னாவ, சொல்லிருப்பாவன்னு நெனைக்கேன். ரெண்டு பேரும் எறங்கிட்டாவ. மாப்ளை உங்க கார் டிக்கியப் பாத்துக்கிட்டே நிக்காரு. மூடிட்டாரு. மதினி கையக் காட்டுதாவ, காலையில போன்லயே சைகையச் சொல்லிக் குடுத்தேன். கருப்பன் எந்திரிச்சுப் போயிட்டான், பாருங்க, வாசல்ல ஒண்ணுமில்ல.

என்னண்ணே, கதவத் தொறக்கட்டுமா? இல்ல, இன்னும் செத்த நேரம் உள்ளயே இருக்கீயளா?